பூஸ்டர் கம்பெனிக்கு ஒரு வாயி

கம்பெனி பேருல லெட்டர் எழுதுறவளுக்கு வேலையே, அடுத்தவங்க சொன்னதுக்கு திட்டு வாங்குறதுதான். எழுதி எழுதிக் கை வலிச்சவங்களுக்கு இது புரியும். எண்பதுகள்ல மந்தாரக்குப்பத்துல, டிவி ஆண்டெனாவும் பூஸ்டரும் செய்யிற சின்னக் கம்பெனியில நான் டெம்பரவரி. படம் புள்ளி புள்ளியா வராம இருக்க ஆண்டெனா கம்பத்துல மாட்டுற பெட்டிதான் பூஸ்டர். கம்பெனி எப்பவும் ஒரே மாதிரி பேசணும்னு பாத்துக்கிற வேலைக்கு இப்ப 'பிராண்ட் வாய்ஸ்'னு பேராம். எம் பேத்தி பெங்களூர்ல அதுதான் செய்யிறா. ரசம் வெக்கத் தெரியாது, அது வேற கதை.

மெமோ

மொதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிக்காரரு. முன்ன ஏதோ ஆபீசுல மெமோவா டைப் அடிச்சவரு, அந்தப் பழக்கம் வுடல. இலவசமா சர்வீஸ் பண்ணித் தர்றோம்னு சொல்ற லெட்டர்லயே, ஏழு நாளுக்குள்ள கேரண்டி அட்டையோட நேரில் ஆஜராகத் தவறினா மேல் நடவடிக்கைன்னு எழுதி அனுப்பிட்டாரு. பக்கத்து மைன்ஸ் டவுன்ஷிப்புல மெமோன்னாலே யாரு மேலயோ புகாருன்னு அர்த்தம். எங்க வூட்டுக்காரரும் மைன்ஸ்தான், டைப் அடிச்ச கவரு வந்தா மொதல்ல சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டுதான் சாப்புடுவாரு.

ரெண்டாம் நாளே ஒரு மைன்ஸ் ஆபரேட்டர், இஸ்திரி போட்ட சட்டையோட, ரெண்டு பக்கம் விளக்கம் எழுதிக்கினு வந்து நின்னாரு. உக்காருங்கன்னாலும் உக்காரல.

"எம் மேல என்ன புகாருன்னு தெரியலீங்க, ஆனா அன்னிக்கு நான் செகண்ட் ஷிப்ட்டு, ஃபோர்மேன்கிட்ட கையெழுத்தும் வாங்கியாந்துட்டேன்."

ஒரு கம்பம், ரெண்டு பேச்சு

விக்கிறது ரபீக் பாய். மெட்ராஸ் டிவி என்னங்க, சிலோன் டிவி படமே உங்க ஹால்ல வந்து உக்காரும்னுவாரு. மாட்டப் போறது ஏழுமலை. மாடியில நின்னுக்கினு, இங்க மெட்ராஸே சந்தேகந்தான்னு சொல்லிட்டு எறங்கிடுவான். ரெண்டு பேரும் நல்ல மனுசங்க. ரபீக் பாய் வூட்டு நோன்புக் கஞ்சி மாதிரி நான் எங்கியும் குடிச்சதில்ல.

குவார்ட்டர்ஸ்லேந்து ஒரு அம்மா நேரா எங்கிட்ட வந்துட்டாங்க.

"ஒருத்தரு பொண்ணு கேட்டு வந்தவராட்டம் பேசுறாரு, ஒருத்தரு பொண்ணு வேணாம்னு சொல்ல வந்தவராட்டம் பேசுறாரு, நான் யாருக்கு காபி போடுறது?"

வாசல் பேச்சு

யோசிச்சிப் பாத்தேன். டவுன்ஷிப்புல பகல்ல எந்த வூட்டுக்குப் போனாலும் உள்ள ஒருத்தரு ஷிப்ட் முடிச்சி தூங்கிக்கினு இருப்பாரு. அதனால வாசல்ல நின்னு மெதுவா, கொஞ்சமா, சுத்தி வளைக்காம சொல்லிட்டு வருவோம். லெட்டரு, நோட்டீசு, வாய்ப்பேச்சு எல்லாம் இனிமே அப்படித்தான்னு எழுதி செவுத்துல ஒட்டினேன். அண்ணாச்சி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினாரு. மரியாதை போயிருமாம். ஏழுமலைக்கு ஒண்ணுமில்ல, அவன் எப்பவும் நாலு வார்த்தைதான். ரபீக் பாய்தான் ரெண்டு தடவ படிச்சிட்டு எங்கிட்டத் திரும்பினாரு.

"சத்தமாவும் சொல்லக் கூடாது, கூட்டியும் சொல்லக் கூடாதுன்னா, நான் எதுக்கும்மா சைக்கிள் மிதிச்சிக்கினு போறேன்?"

மழைத் தண்ணி

அந்த ஐப்பசியில, புதுசா வித்த பூஸ்டர் பெட்டிக்குள்ள எல்லாம் தண்ணி எறங்கிடிச்சி. மூடியில போட்ட ரப்பர் சரியில்ல. அண்ணாச்சி, இயற்கைச் சீற்றத்திற்கு நிர்வாகம் பொறுப்பல்லன்னு ஆரம்பிச்சாரு. நான் வேற எழுதினேன்: 'தப்பு எங்களோடது. நாங்களே வந்து மாத்தித் தர்றோம். நீங்க எந்த ஷிப்ட்டுன்னு மட்டும் சொல்லுங்க, தூங்குற நேரத்துல மாடியில ஏற மாட்டோம்.'

தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா அப்புறம் எவன் வாங்குவான்னாரு அண்ணாச்சி. ஒரு மாசம் பாப்போம், யாவாரம் படுத்தா நீ வர வேணாம்னுட்டாரு. லெட்டர நானே கொண்டுபோயி தபால்ல போட்டேன், திரும்பி வர்ற வழியெல்லாம் வேலை போயிடுமேன்னுதான் நெனப்பு. அந்த வேலை எனக்கு அவ்ளோ புடிச்சிருந்திச்சி.

பதில் கார்டு வர ஆரம்பிச்சிது. திட்டு ஒண்ணுமில்ல, ஷிப்ட் நேரந்தான் எழுதியிருந்தாங்க. ஏழுமலை செருப்பக் கழட்டிட்டு மாடி ஏறினான். மாத்தின வூட்டுக்குப் பக்கத்து வூட்டுக்காரங்க எல்லாம் எங்களுக்கும் ஒண்ணுன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. மாசக் கடைசியில அண்ணாச்சி ஒரு வெள்ளைத்தாளை எம் மேசையில வெச்சாரு.

"உன் பர்மனென்ட் ஆர்டரை நீயே எழுதிருட்டி, நான் எழுதுனா உன்ன வேலைய விட்டு எடுத்த மாதிரி இருக்கும்."

அப்படி ஒரு கம்பெனியவே மெதுவா, கொஞ்சமாப் பேச வெச்சவதான் நான், எங்க வூட்டுல மட்டும் இதை யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.