செல்வராணி போடாத கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது செல்வராணியின் அலுவலகத்திலிருந்து முருகேசன் சார் போனில் பேசினார். "மேடம் மேசையிலேயே சாஞ்சிட்டாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்" என்றார். நான் திரியைப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் கணவரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடே இருந்தாள். அல்லிநகரத்தில் உங்கள் பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில், கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்கிட்டுச் சொல்லும் வேலை. பத்தொன்பது வருடம்.

ஒருமுறை கோயம்புத்தூரில் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனி அவளை அழைத்தது. "மதினி, பால் பாக்கெட்டுக்கே நோட்டுப் போடுற ஆளு நீங்க. இங்கன இருக்கவா, போகவான்னு இதையும் போடுங்க" என்றாள். நடுவில் கோடு கிழித்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நல்லது: ஒரு மாதம் பள்ளிக்கூடம், மறுமாதம் போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி, அலுக்காது, படித்துக்கொண்டே இருக்கலாம். கெட்டது: வரைவது நாம், கட்டுவது வேறு ஆள். எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் வராது. விரிசல் விட்டால் மட்டும் ஆள் தேடி வரும். கெட்டது பக்கம்தான் நீண்டுபோனது.

படித்துவிட்டுச் சிரித்தாள். "ஒண்ணை விட்டுட்டீக. 'தாங்காது'ன்னு சொல்றதுக்கும் எனக்குச் சம்பளம் குடுக்குறாக. அதை எந்தப் பக்கம் போடுவீக?"

எந்தப் பக்கம் என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அவள் கோயம்புத்தூர் போகவில்லை.

எங்கள் தெரு அம்மன் கோயிலின் அன்னதானக் கூடத்தில், வீரபாண்டித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் சாப்பிட்டு இளைப்பாறுவார்கள். பெண்கள் படுக்க அதற்கு மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்பது, என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது நான் வைத்த வேண்டுதல். கமிட்டியை நான்தான் சம்மதிக்க வைத்தேன். கமிட்டிக்காரர்கள் முன்னால் செல்வராணி சுத்தியலால் தூண்களைத் தட்டிப் பார்த்தாள். "ரெண்டு தூண் தாங்காது மதினி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஆத்தா காரியம். அவ தாங்க மாட்டாளா?"

"ஆத்தா தாங்குவா. தூண் தாங்காதே. கீழ பந்தியில உக்காரப் போறது நம்ம சனம்ல?"

கமிட்டித் தலைவர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் எரிந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் அவளுக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. "மதினி, ரசம் இன்னைக்குத் தூக்கிருச்சு" என்பாள். காதில் விழாதது போல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவேன். கடைசிச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போனேன்.

பதினாறு முடிந்த மறுநாள் முருகேசன் சார் அவளுடைய சாமான்களைக் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸ், குடை, சுருட்டிய ஒரு வரைபடம். விரித்தால் எங்கள் கூடம். இரண்டு தூணையும் சுற்றிக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பருமனாக்கி, அதற்கு மேலே மாடி. "ஞாயித்துக்கிழமைகள்ல வந்து போட்டாக. மதினிக்குன்னு சொன்னாக" என்றார். கையெழுத்துப் போடும் கட்டம் காலியாக இருந்தது.

"மேடம் கணக்குல தப்பு இருக்காது. நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன். கமிட்டில குடுத்துருங்க."

பேனாவை எடுத்துவிட்டார். என் வேண்டுதல் நிறைவேற அந்தக் கட்டத்தில் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"வேண்டாம் சார். முதல்லயிருந்து கணக்குப் போட்டுப் பாருங்க. தாங்காதுன்னா தாங்காதுன்னு சொல்லிருங்க" என்றேன்.

அவர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. எனக்கு அழுகையும் இன்னும் வரவில்லை. காலையில் திரி போடுகிறேன், நான்கு பேருக்கு அரிசி அளந்துவிட்டு ஒரு ஆழாக்கைத் திரும்ப அள்ளுகிறேன்.

முருகேசன் சார் வந்துபோன அன்று சாயங்காலம் பழைய நோட்டைத் தேடி எடுத்து, விட்டுப்போன அந்தத் 'தாங்காது' வரியை நல்லது பக்கத்தில் எழுதினேன். அவளுடையது என்று நான் வைத்துக்கொண்டது அதுதான்.