ஒரே கிண்ணத்துத் தண்ணீர்

சாலோமிக்கு அந்த வீட்டில் முதலில் குமட்டியது தோல் நாற்றம். வாசலில் இரண்டு தொட்டி. ஒன்றில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறும் மாட்டுத்தோல், இன்னொன்றில் ஆவாரம்பட்டைச் சாறு. ஈ மொய்த்துக் கிடக்கும். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேதான் உள்ளே போவாள். அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் ஏரல் ஊர்க்காரி. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்தவள். கல்யாணமான நாலாம் வருஷம் புருஷனைக் காலரா கொண்டுபோயிற்று. பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் அடுப்பூதிக் கிடக்கப் பிடிக்காமல், முப்பத்திரண்டு வயதில் லுத்தரன் மிஷனில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கும் வேலை. 1913-ல் அவளை ராதாபுரத்துக்குத் தெற்கே, பனங்காட்டுக்குள் இருந்த வேப்பவிளைக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சபையில் பதினெட்டு வீடுகள். எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்று. சபை மூப்பர் ஞானாபரணம், கருப்பட்டி வியாபாரி. மழிக்காத நாளே கிடையாது, துவைக்காத வேட்டியைக் கட்டியதே கிடையாது. அவர் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் பெண்கள் கண்ணீர் விடுவார்கள். தானியேல் உபதேசியார் பெயருக்குத்தான் சபையை நடத்தினார். மூப்பர் இருமினால் இவர் வெற்றிலைப் படிக்கம் எடுத்து நீட்டுவார்.

ஊருக்கு வெளியே இருந்தது உச்சிமாகாளியின் வீடு. செத்த மாட்டை உரித்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக்குத் தோல் வால் தைத்துக் கொடுக்கிற குடும்பம். அவன், அவன் பெண்டாட்டி முப்பிடாதி, இரண்டு பெண் பிள்ளைகள். அவனாகவே ஒருநாள் வேதக்கோயில் வாசலில் வந்து நின்று, "நாங்களும் வேதத்துல சேரணும்" என்றான். ஐயர் என்று எல்லோரும் கூப்பிடும் வெள்ளைக்காரப் பாதிரியார் மாதம் ஒருமுறை வண்டியில் வருவார்; அவர் சந்தோஷப்பட்டு, மூன்று மாதம் படிப்பித்து ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தச் சொன்னார். அந்த வேலை சாலோமி தலையில் விழுந்தது.

முப்பிடாதி சூட்டிகை. எழுத்து தெரியாது. ஆனால் ஒருமுறை கேட்டதை மறக்க மாட்டாள். பத்துக் கட்டளைகளைத் தோலைச் சுரண்டிக்கொண்டே ஒப்பிப்பாள். விசுவாசப் பிரமாணத்தை மூன்றே நாளில் பாடமாக்கினாள். இரண்டாம் மாதம் ஒருநாள், சுரண்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, கோவிச்சுக்கிடாதிய. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இந்தச் சாமிக்கு எங்க மேல நாத்தம் அடிக்காதா?"

"அடிக்காது."

"உங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் அடிக்கி?"

சாலோமியின் கை மூக்கிலேயே இருந்தது. முந்தானையைக் கீழே விட்டாள். முகம் எரிந்தது. அன்று பாடம் நடக்கவில்லை. வரப்பு வழியே திரும்பி நடக்கும்போது, இத்தனை நாளும் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. மறுநாள் போனதும் தானே கேட்டு வாங்கிக் குடித்தாள். தண்ணீர் உப்புக் கரித்தது, வேறொன்றும் இல்லை. முப்பிடாதி செம்பை வாங்கி வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

பிறகு சபைக்காரர்களின் முறை வந்தது.

முதல் சண்டை பெயரில். முப்பிடாதிக்குத் தேவமணி என்று பெயர் வைப்பதாக உபதேசியார் எழுதி வைத்திருந்தார். மூப்பர் கேள்விப்பட்டு, "எங்க மதினி பேருல்லா அது? நாளைக்கு அவளைத் தேவமணின்னு கூப்பிட்டா எங்க வீட்டுல திரும்பிப் பாக்கவா?" என்றார். உபதேசியார் உடனே அந்தப் பெயரை அடித்துவிட்டார். பதினெட்டு வீட்டிலும் இல்லாத பெயராகத் தேடி யூனிஸ் என்று எழுதினார். உச்சிமாகாளிக்கு சீலாஸ். பிள்ளைகளுக்கும் அப்படியே மிச்சம் மீதிப் பெயர்கள். விருந்து முடிந்து வழித்துப் போடுவதுபோல் இருந்தது சாலோமிக்கு.

அடுத்தது, குளிக்க வைக்கிற படலம். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் மூப்பர் வீட்டிலிருந்து சீயக்காயும் சாம்பிராணியும் வந்தன. கூடவே மூப்பரும் வந்தார். சாலோமி தைத்துக் கொடுத்த புது ரவிக்கையும் வெள்ளைச் சேலையுமாக முப்பிடாதி நின்றாள். பிள்ளைகளின் தலை ஈரமாக இருந்தது. மூப்பர் குனிந்து, இளையவளின் தலைக்கு நாலு விரல் மேலே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். சந்தையில் கருவாட்டை மோந்து பார்ப்பதுபோல்.

"இன்னொரு மட்டம் தேய்க்கச் சொல்லு," என்றார் சாலோமியிடம்.

பிள்ளைக்கு ஐந்து வயது. எதற்கு என்று தெரியாமல் சிரித்தது. உச்சிமாகாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோல் தொட்டிகூட சாலோமிக்கு ஒருநாளும் இப்படிக் குமட்டியதில்லை.

சாயங்காலம் உபதேசியார் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைத் துணியில் சுற்றிச் சாலோமியிடம் கொண்டுவந்தார். மூப்பரின் பேரனுக்கும் மறுநாள்தான் ஞானஸ்நானம். ஐயர் முதலில் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கைக்குழந்தைக்குக் கொடுப்பார்.

"அவங்களுக்குக் கொடுத்து முடிச்சதும், பித்தளைக் கிண்ணத்தை எடுத்துட்டு இதை வச்சிரும்மா. புதுத் தண்ணி ஊத்தி. ஐயர் சங்கீதப் புஸ்தகத்தைப் புரட்டுத நேரம் போதும். அவருக்குத் தெரியவா போவுது?"

"தெரிஞ்சா?"

"மூப்பர் அண்ணாச்சி மனசு நோகக் கூடாது பாத்துக்கோ. கோயில் கூரைக்கு ஓலை யாரு போட்டது?"

"இந்தத் தண்ணிக்குள்ள என்ன ஒட்டிக்கிடும்னு பயப்படுதாரு?"

உபதேசியார் கிண்ணத்தைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். நல்லவர்தான். அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. நாலு பேரும் முன்னால் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னார்கள். ஐயர் பித்தளைக் கிண்ணத்தில் கைவிட்டு, ஒவ்வொருவர் தலையிலும் மூன்று முறை தண்ணீர் வார்த்தார். பிறகு புஸ்தகத்தைப் புரட்டினார். மூப்பரின் மருமகள் குழந்தையோடு எழுந்து வந்தாள்.

சாலோமி தன் இடத்தைவிட்டு அசையவில்லை. வெள்ளிக் கிண்ணம் உள்ளறையில் துணிக்குள்ளேயே இருந்தது.

உபதேசியார் இருமினார். மறுபடி இருமினார். ஐயர் குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது மூப்பர் எழுந்தார்.

"நில்லுங்க. அந்தத் தண்ணி வேண்டாம்."

ஐயருக்கு விளங்கவில்லை. "என்ன தண்ணீர்?" என்று புஸ்தகத் தமிழில் கேட்டார்.

"அவங்க தலையில தொட்ட கைய முக்கின தண்ணி. எம் பேரனுக்கு வேண்டாம்."

ஐயரின் முகம் சிவந்தது. "இரண்டு தண்ணீர் இல்லை" என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. மூப்பர் மருமகளின் தோளைப் பிடித்துத் திருப்பி நடத்திக்கொண்டு வெளியே போனார். ஒவ்வொரு வீடாக எழுந்தது. பதினாலு வீடு போயிற்று. போகும்போது சில பெண்கள், ஈரத் தலையோடு நின்ற பிள்ளைகள்மேல் சேலை படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தை வீறிட்டு அழுவது பனங்காடு வரை கேட்டது.

எழுந்து போனவர்கள் எட்டு மாதம் வரவில்லை. அப்புறம் வந்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்: யூனிஸாகிவிட்ட முப்பிடாதியின் குடும்பத்துக்குக் கடைசி வரிசை, திராட்சரசம் பகிரும் இராப்போஜனத்துக்குத் தனிக் கிண்ணம். பழைய ஐயர் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஆத்துமாக்கள் சிதறிப் போகக் கூடாது என்று சம்மதித்தார். தானியேல் உபதேசியார் அந்தச் செய்தியைச் சந்தோஷமாகத்தான் சாலோமியிடம் வந்து சொன்னார்.

அவள் அன்றைக்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். மூட்டையைக் கட்டிவிட்டு யூனிஸிடம் சொல்லிக்கொள்ளப் போனாள்.

"நீயும் அங்கன போகாத. அந்த எச்சிப் புத்திக்காரங்க நடுவுல போயி எதுக்கு இருக்கணும்?"

யூனிஸ் தோலைப் புரட்டிப் போட்டாள். "நான் போவேன்மா."

"கடைசியில உக்கார வைக்காங்க, தனிக் கிண்ணம் தாராங்க. உனக்கு அருவருப்பா இல்லையா?"

"இருக்கு. குமட்டத்தான் செய்யுது. ஆனா நாங்க வராம இருக்கணும்னுதான அவுக பாக்காக? வாராவாரம் அவுக முதுகுக்குப் பின்னால இருந்து சத்தமாப் பாடுவேன். கேக்கட்டும்."

சாலோமிக்கு அது சரியென்று படவில்லை. தவறென்றும் சொல்ல முடியவில்லை. ஏரலுக்குத் திரும்பித் துணி தைத்துப் பிழைத்தாள். எந்தக் கோயிலிலும் இராப்போஜனம் எடுக்கவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "தொண்டையில இறங்கல" என்பாள்.