வேலிக்குள் ஒரு காட்டுப்பன்றி

என் கணவருக்கு வேட்டை என்றால் உயிர். அதைவிட உயிர் எங்கள் பத்து வயது மகள் கவிதா. போன பள்ளி விடுமுறையில், "அவளும் பழகட்டும்லா, வேலிக்குள்ளதானே, என்ன பயம்?" என்று எங்கள் தீவிலிருந்து ஃபெரி ஏற்றி, அக்கரையில் சிம்பாங் அம்பாட் பக்கம் நண்பரின் நிலத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். அங்கே காட்டுப்பன்றிகளைப் பிடித்து வந்து, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, வேட்டைக்கென்றே விட்டிருந்தார்கள்.

கவிதாவும் நானும் வேலியின் கேட்டுக்கு உள்ளே நின்றோம். அவர் சுட்டது குறி தப்பியது. மிரண்ட பன்றி வேலியில் மோதி மோதித் திரும்பி, நேராக எங்களை நோக்கி ஓடிவந்தது. நாங்கள் அதே பக்கம் நின்றதால் அவரால் மறுபடி சுட முடியவில்லை.

"அம்மா, அது வெளிய போகணும்மா!" என்று கத்திக்கொண்டே கவிதா தாழ்ப்பாளை இழுத்துக் கேட்டைத் திறந்து, என்னையும் ஓரமாக இழுத்தாள். பன்றி என் சேலையை உரசிக்கொண்டு செம்பனை மரங்களுக்குள் ஓடி மறைந்தது.

அவர் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவள் அவர் கண்ணைத் துடைத்து, "அது பாவம்ப்பா" என்றாள்.

இப்போது யார் கூப்பிட்டாலும் அவர் வேட்டைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் எங்கள் தீவின் கொடிமலையில் குரங்கு பார்க்கப் போகிறார்கள். அவள் முன்னால் நடக்கிறாள். அவர் தண்ணீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார்.