போர்தோ கையேட்டில் நான் விட்ட வரி

சிட்னிக்குக் கிளம்பும் முன் என் அம்மா என் கணவரிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினாள், அங்கே போய் மதுவைத் தொடக் கூடாது என்று. என்னிடமும் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே எழுபதுகளின் நடுவில், ஹோம்புஷில் ஒரு சின்ன பிளாட்டில் குடியிருந்துகொண்டு, தினமும் காலையில் ரயிலேறி நகரத்துக்குப் போய் ஓர் ஒயின் கடையில் நான் டைப் அடித்ததால் எந்தச் சத்தியமும் மீறப்படவில்லை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் பழம் சம்பந்தப்பட்ட வியாபாரம் என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை.

முதலாளிக்கு அறுபது தாண்டியிருக்கும். உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார். கடையை ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போவதற்குள் போர்தோ ஒயினைப் பற்றி ஒரு சிறு கையேடு போட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பிரான்சின் தென்மேற்கில், கடலோரத்தை ஒட்டி இருக்கிற சிவப்பு ஒயின் சீமை அது. கடைக்கு வருகிறவர்கள் பீரையும் அட்டைப்பெட்டி ஒயினையும் தாண்டி யோசிப்பதில்லை என்று அவருக்குப் பெரிய குறை. அவர் கையால் எழுதித் தருவார், நான் அடிப்பேன்.

ஒரு சொட்டுகூட வாயில் வைக்காமல் நான் போர்தோவைக் கரைத்துக் குடித்தேன். இரண்டு ஆறுகள் கூடி ஒன்றாகக் கடலுக்குப் போகின்றன. இடக்கரையில் கூழாங்கல் நிலம், அங்கே விளையும் திராட்சையில் துவர்ப்பு அதிகம், வருஷக்கணக்கில் ஆறப்போட்டுத்தான் குடிக்க வேண்டும். வலக்கரையில் களிமண், அங்கே ஒயின் கொஞ்சம் சாது. இடக்கரைத் தோட்டங்களுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஐந்து படியாகத் தரம் பிரித்துவிட்டார்கள், இன்றுவரை அதை மாற்ற யாருக்கும் லேசில் மனம் வருவதில்லை. இதெல்லாம் எனக்கு உடனே புரிந்தது. நம் ஊரிலும் நூறு வருஷத்துக்கு முன்னால் தீர்மானித்ததை யார் மாற்றினார்கள்? நல்ல போர்தோவில் பென்சில் சீவலும் சுருட்டுப் பெட்டியும் ஈரமண்ணும் மணக்கும் என்று அவர் எழுதியிருந்ததைப் பாராட்டு என்று நம்பத்தான் ஒரு வாரம் பிடித்தது.

பரிமாறும் முறை பற்றிய பக்கம் வந்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. விருந்து கொடுப்பவர் முதலில் தன் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, சுவைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் சமைக்கிறவள் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. வாசனையை வைத்தே சொல்லிவிட வேண்டும். வந்தவர்கள் சாப்பிட்டு, வீட்டு ஆண்கள் சாப்பிட்டு, கடைசியில்தான் பரிமாறியவள் உட்காருவாள். பந்திக்கு முந்து என்பது வந்தவர்களுக்குச் சொன்னதே தவிர, கூப்பிட்டவர்களுக்குச் சொன்னதா? பாவம், வயதாகிவிட்டது, ஏதோ தடுமாறி எழுதிவிட்டார் என்று முடிவு செய்தேன். அந்த வரியை விட்டுவிட்டு, முதலில் விருந்தினருக்கு, கடைசியில்தான் தனக்கு என்று பண்பாக அடித்து வைத்தேன். என் கண்ணின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் சரிபார்க்காமலேயே அச்சுக்கு அனுப்பினார்.

கையேடு வந்ததும் ஒரு சனிக்கிழமை மதியம், கடை சாத்திய பிறகு, பழைய வாடிக்கையாளர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவியும் வருவதாக இருந்தது. அன்று திறப்பதற்கென்றே ஒரு புட்டி வைத்திருந்தார். கல்யாணமான வருஷத்தில் இருவரும் போர்தோவுக்குப் போய் வாங்கியது, கிட்டத்தட்ட முப்பது வருஷம் படுக்கவைத்தே காத்தது. வேறொன்று உலகத்தில் எங்கேயும் தேடிக் கிடைக்காது என்றார். அந்த மாதிரிப் பழைய புட்டிக்குள் அடியில் வண்டல் தங்கியிருக்கும். முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, வண்டல் கலங்காமல் தெளிவை மட்டும் கண்ணாடிக் குடுவைக்குள் இறுத்த வேண்டும்.

அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்தது எனக்கு மட்டும் தெரியும். மாதா மாதம் கையெழுத்து கோழி கிளறியதுபோல் ஆகிக்கொண்டு வந்தது. ஒரு நாள் பின்னறையில், காலிப் புட்டியில் தண்ணீரும் காப்பித்தூளும் போட்டு இறுத்திப் பழகிக்கொண்டிருந்தார். மேஜையெல்லாம் தூள். என்னைப் பார்த்ததும் துணியால் மூடினார்.

"என்கிட்ட குடுங்க, நான் ஊத்தறேன். நாங்க தினமும் இதைத்தான் செய்யறோம்" என்றேன் என் ஆங்கிலத்தில்.

அவர் நம்பவில்லை. மறுநாள் ஒரு புட்டியில் ரசம் கொண்டுபோனேன். மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரே சாய்ப்பில், ஒரு பருப்புக்கூட நகராமல் தெளிவு முழுவதையும் குடுவையில் இறுத்திக் காட்டினேன். மண்டி அப்படியே புட்டியில் நின்றது. அவர் அதைக் கோப்பையில் ஊற்றிச் சுழற்றி முகர்ந்து, வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மிளகு இருக்கு, ஈரமண் இருக்கு, வாசனை பிரமாதம். ஆனா ஏதோ ஒண்ணு குறையுது. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஊற்றும் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். எட்டுக் கோப்பைகள் வரிசையாக நின்றன. என் கை ஆடவில்லை. செங்கல் நிறத்தில், கண்ணாடியாக, அவ்வளவும் குடுவைக்குள் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளியின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு குடுவையைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனேன்.

விருந்தாளிக்கு அளந்து ஊற்றினால் அது விருந்தா? முதல் கோப்பையில் தாராளமாக ஊற்றினேன். அடுத்தவருக்குக் குறைத்தால் மனம் கோணுமே என்று அவருக்கும் அதே அளவு. ஒருவர் போதும் என்று கையைக் காட்டினார். போதும் என்றால் இன்னும் கொஞ்சம் என்றுதானே அர்த்தம், அவருக்கு ஒரு விரல் கூடவே ஊற்றினேன். ஆறு பேருக்கும் ஊற்றி, முதலாளியின் மனைவிக்கு ஊற்றி, கடைசியில் அவர் கோப்பைக்கு மேல் குடுவையைச் சாய்த்தால் ஒன்றும் வரவில்லை.

அவர் காலிக் கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பதற்றத்தில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். புட்டியில் நின்ற மண்டியை அவர் கோப்பையில் கவிழ்த்தேன். குழம்பிய சாயத் தண்ணீர்போல் இரண்டு கரண்டி இறங்கியது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். முப்பது வருஷம் காத்த மனிதருக்கு நான் கொடுத்தது அதுதான்.

"புஸ்தகத்துல இருக்கிறபடிதான் செஞ்சேன்" என்றேன். அழுகை வந்துகொண்டிருந்தது.

அவர் கையேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தைப் படித்தார். "இதை நான் எழுதலையே."

"நான்தான் எழுதினேன். நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு நினைச்சேன்." எங்கள் வீட்டு வழக்கத்தையும் சொன்னேன்.

"நாங்க முதல்ல ஊத்திக்கறது ஆசையால இல்லை. கெட்டுப்போயிருந்தா அது நம்ம வாயோட போகட்டும், வந்தவங்க வாய்க்குப் போகக் கூடாதுன்னுதான்" என்றார் பொறுமையாக. பிறகு கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டில கடைசியில உக்கார்றவங்களுக்கும் இதுதான் மிஞ்சுமா?"

"ஆமா."

"அது யாரு?"

"நான்தான்" என்றேன். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் மனைவிதான் முதலில் எழுந்தாள். உதட்டுச் சாயம் பதிந்த தன் கோப்பையிலிருந்து பாதியை ஒரு புதுக் கோப்பையில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். உடனே மற்றவர்களும், ஆளுக்குக் கொஞ்சமாக, தங்கள் கோப்பையிலிருந்து அதில் சேர்த்தார்கள். ஏழு பேர் எச்சில்! எனக்கு உடம்பு கூசியது. அவரோ இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் கொஞ்சம் குடித்துவிட்டு, மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் சிரித்தாள். அதற்கப்புறம் எல்லோருமே சிரித்தோம், என்னையும் சேர்த்து. அவர் கோப்பையைத் திரும்ப மேஜையில் வைத்தபோது அதில் ஒரு துளி இல்லை.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். கணவர் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ரசம் அடுப்பை விட்டு இறங்கியதும், கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, மேலாக ஒரு கரண்டித் தெளிவை எடுத்து என் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டேன்.

"என்ன, இன்னைக்கு நீ பந்திக்கு முந்தறே?" என்றார்.

"முதல்ல நான் ருசி பார்க்கணும். புஸ்தகத்துல நான் விட்டுட்ட வரி அது" என்று சொல்லிவிட்டுக் குடித்தேன். மிளகு இருந்தது, புளி இருந்தது. உப்பு பாதிதான் இருந்தது. கடைசியில் உட்கார்ந்து மண்டியை ஊறுகாயோடு பிசைந்தே தின்று வந்தவளுக்கு இது எப்படித் தெரியும்?

"என் ரசம் எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"ஆமா" என்றார் தயங்கி.

"ஆறு வருஷமா ஏன் சொல்லலை?"

"கடைசியில உனக்கு என்ன மிஞ்சுதுன்னு நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. உப்பு பத்தலைன்னு எந்த வாயால சொல்றது?"

நான் உப்பைப் போட்டுக் கலக்கி, மறுபடி தெளியவிட்டேன். இன்னொரு தட்டை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நானும் உட்கார்ந்தேன்.