கரிநாளில் வந்த ஐந்து கேள்விக்குறி

கணினியில் தமிழ் கெட்டுப்போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திரை முழுக்க à à à என்று தலையில் கோடு போட்ட எழுத்தும் அதற்குப் பக்கத்தில் கிறுக்கலுமாக வருவது. பார்க்கத்தான் பயங்கரம், உயிருக்கு ஆபத்தில்லை. உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கும். சர்க்கரை டப்பாவில் உப்பு என்று யாரோ சீட்டு ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். சீட்டைக் கிழித்துவிட்டுச் சரியானதை ஒட்டினால் முடிந்தது. இன்னொரு வகை கேள்விக்குறி. அது வந்தால் டப்பாவே காலி. உள்ளே என்ன இருந்தது என்று எந்தச் சாமி வந்தாலும் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது வகை என் கையில் ஒரே ஒரு முறைதான் வந்து மாட்டியது. இப்போது என் பெண்ணின் கேள்வித்தாளைப் பார்த்தாலும் கேள்விக்குறிகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறேன்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரில் பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், பட்டா நகல், கல்யாணப் பத்திரிகை எல்லாம் பார்ப்பேன். கூடவே ஒரு வலைத்தளமும் நடத்துகிறேன். சுற்றுப்பட்ட கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களின் காதுகுத்து, காரியம், கட்டறுத்துக்கொண்டு போன மாடு, எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு செய்திக்கும் கீழே யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுகிறவர்கள் எல்லாரும், எனக்கு அப்பா வயதுக்காரர் உட்பட, ‘அக்கா’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ‘அக்கா, எங்க ஊர்ல ரெண்டு நாளா கரண்டு இல்ல, போடுங்க.’ என்னமோ நான்தான் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் சொருகி வைத்திருக்கிற மாதிரி.

அந்தத் தளத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் எனக்கு வாய் அடங்கிவிடும். பண்டசோழநல்லூர் பெரியம்மா ஒருவருடைய மகனைக் காணவில்லை என்ற பக்கம் அது. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம், ஒரே பிள்ளை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், பிரான்சில் கூட்டாளி இருக்கிறான், நானும் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வீட்டில் வந்து நின்றிருக்கிறான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். “இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிச்ச, கால வெட்டிடுவேன்” என்றிருக்கிறார். பையன் போட்டிருந்த நீலச் சட்டையோடு போனான். போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. போலீசில் எழுதிக் கொடுக்கவும் அப்பா விடவில்லை. ஓடிப்போன நாய்க்கு எதற்குப் புகார் என்றாராம். பெற்றவர் பேசுகிற பேச்சா அது! அந்த மனிதரை நான் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன்.

பெரியம்மா புருஷனுக்குத் தெரியாமல் என்னிடம் வந்து படத்தைக் கொடுத்தார். நான் போட்டேன். அதிலிருந்து தினமும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டு, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, யாராவது எதையாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பார். சிலர் எழுதவும் செய்தார்கள். ‘அக்கா, இந்தத் தம்பிய திண்டிவனத்துல பார்த்த மாதிரி இருக்கு.’ ‘அக்கா, கடலூர்ல ஒரு ஓட்டல்ல இதே மாதிரி ஒரு பையன்.’ பெரியம்மா தன் தம்பியை அழைத்துக்கொண்டு ஓடுவார். வேறு யாராவது பெற்ற பிள்ளையாக இருக்கும்.

அந்தப் பொங்கலுக்குக் கடையைப் பூட்டிவிட்டு மாமியார் ஊரான கரையாம்புத்தூர் போனேன். பண்டிகை முடிகிற வரைக்கும் கம்ப்யூட்டர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கட்டளை. எங்கள் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் சர்வர் கம்பெனிக்காரனுக்குப் பொங்கலாவது மண்ணாவது. எழுத்தெல்லாம் சேர்ந்து கிடக்கிற டேட்டாபேஸை, அந்தக் கிடங்கை, மாட்டுப் பொங்கல் காலையில் புதுசாக மாற்றிவிட்டு, ‘உங்கள் சேவை மேம்படுத்தப்பட்டது, வாழ்த்துகள்’ என்று ஒரு மெயில் தட்டினான். வாழ்த்தாம் வாழ்த்து. நான் அப்போது மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன்.

மாற்றியவன் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டான். தளம் முழுக்க à à à.

மதுரைப் பக்கம் யாராவது இதைப் பார்த்திருந்தால் வைரஸ் வந்துவிட்டது என்று கத்தியிருப்பார்கள். எங்கள் பெரியம்மா கத்தவில்லை. கோடு போட்ட அந்த எழுத்தை அவர் தாத்தா காலத்துப் பத்திரத்தில் பார்த்திருக்கிறார், டவுனில் கடைப் பலகைகளில் பார்த்திருக்கிறார். அது பிரெஞ்சு. மகன் போன இடமோ பிரான்சு. அப்புறம் என்ன? கொட்டகைக்குப் பின்னால் நின்றபடியே அழுதிருக்கிறார், சந்தோஷத்தில்.

எனக்கு ஒரு போன் அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. படித்துத் தெரிந்துகொண்டு சொல்வோம் என்று அன்று மத்தியானமே பாகூருக்குப் பேருந்து ஏறினார். அங்கே ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தாராம்.

“எழுத்து பிரெஞ்சு எழுத்துதாம்மா. à ன்னா நம்ம ‘க்கு’. அவனுக்கு, இவளுக்குன்னு சொல்றோமில்ல, அந்த ‘க்கு’. ஆனா யாருக்கு, இன்னாத்துக்குன்னு ஒண்ணும் இல்ல. க்கு, க்கு, க்குன்னே போய்கினு இருக்குது. சாவக் கெடக்கறவன் பேசற மாதிரி. எனக்கே ஒரு மாதிரியா இருக்குது, எடுத்துகினு போயிடு.”

பெரியம்மாவுக்கு அவர் சொன்னதில் பின்பாதி காதில் விழவில்லை. யாருக்கோ என்றால் எனக்குத்தானே என்று திரும்பி வந்திருக்கிறார். மறுநாள் கரிநாள். நல்ல சேதியைக் கரிநாளில் வாய்விட்டுச் சொன்னால் அது கரிந்துபோய்விடும் என்று, அன்றும் என்னிடம் சொல்லவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கரிநாள் தாண்டிய காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றார். தலையில் பூ. அவர் தலையில் பூவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“பையன் எழுதியிருக்கான்மா. பிரெஞ்சுல எழுதியிருக்கான். நீதான் படிச்சவளாச்சே, படிச்சுச் சொல்லு.”

போனை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஐயோ பெரிம்மா, இது பிரெஞ்சும் இல்ல, ஒரு எழவும் இல்ல. நம்ம தமிழ்தான் கெட்டுப்போயிருக்குது. மொத நாளே எனக்குச் சொல்றதுக்கு இன்னா?” என்று கத்திவிட்டேன். பூ வைத்த தலை அப்படியே தொங்கிப்போனது. அப்புறம் என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

சரிசெய்யும் வேலை பெரிதில்லை. கிடங்கில் இருப்பது இந்த வகை எழுத்து என்று ஒவ்வொரு பகுதிக்கும் சரியான சீட்டை ஒட்டிக்கொண்டே வந்தேன். ஒட்ட ஒட்டத் தமிழ் எழுந்து வந்தது. முதலில் காரியங்கள் வந்தன, செத்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக. அப்புறம் மாடு. அப்புறம் பெரியம்மாவின் பக்கம். ‘காணவில்லை. நீல நிறச் சட்டை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.’ பின்னாலிருந்து பெரியம்மா விட்ட மூச்சு என் கழுத்தில் பட்டது. கீழே மற்றவர்கள் எழுதியவையும் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசியாக ஒன்று மட்டும் திரும்பவில்லை. கரிநாளில் வந்தது. அது வந்திருப்பதே அந்தக் கிறுக்கல் கும்பலில் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

?????, ?????? GH ????????? ???????. ????? ??????.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது இரண்டாவது வகை. சீட்டு மாறிக் கிடந்த நேரத்தில் புதிதாக யாராவது தமிழில் எழுதினால், கிடங்குக்கு அந்த எழுத்து தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் வெளியே தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தும் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும்தான் தப்பிக்கும். எழுதியவர் போன் எண் போடும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். தப்பித்தது GH மட்டும்தான். பெரியாஸ்பத்திரியைச் சின்னப் பிள்ளைகூட ஜிஹெச் என்றுதானே சொல்லும்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். “ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க மேடம்” என்றான் ஒருத்தன். உன் மூஞ்சியை ரெஃப்ரெஷ் பண்ணு என்று சொல்ல வாய் வந்தது. மேலே ஒருவரைப் பிடித்துக் கேட்டதில், அவர்களிடம் இருந்த நகல் மேம்படுத்துவதற்கு முன்னால் எடுத்ததாம். இது அதற்குப் பின்னால் வந்தது. எங்கேயும் இல்லை.

திரும்பினால் பெரியம்மா திரையில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஜிஹெச்சுன்னா ஆஸ்பத்திரிதானம்மா?”

“ஆமா பெரிம்மா.”

“மொத வார்த்த இன்னா? அம்மாவா?” அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. அம்மா என்று ஆரம்பித்திருந்தால் எழுதியவன் பிள்ளை. ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் எழுதுகிற அளவுக்கு உயிர் இருக்கிறது. வேறு எப்படி ஆரம்பித்திருந்தாலும் எழுதியவர் வேறு யாரோ. பார்த்ததைச் சொல்ல வந்தவர். என்ன பார்த்தார் என்பதை யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை. அதற்குள் பெரியம்மா விரலை எடுத்துவிட்டார். “இல்ல. அஞ்சு இருக்குது. அம்மா மூணு எழுத்துதானே.” முகம் செத்துப்போனது.

நான் பொறுக்க மாட்டாமல் உண்மையைச் சொன்னேன். நாம் மூன்று எழுத்தாக எழுதுவதைக் கணினி பிய்த்துப் பிய்த்து வைக்கும். அ ஒன்று, ம ஒன்று, மேலே வைக்கிற புள்ளி ஒன்று, மறுபடி ம ஒன்று, துணைக்கால் ஒன்று. “அஞ்சு வருதா பெரிம்மா?”

அவர் விரல் மடக்கிப் பார்த்தார். “புள்ளிக்குத் தனியாவா? கால் வாங்கறதுக்கும் தனியாவா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். “என் பிள்ளதாம்மா. என் பிள்ளதான் எழுதியிருக்கான்.” அந்த வேகத்திலேயே பேருந்து பிடிக்க ஓடினார். டீயைத் தொடவில்லை.

பெரியம்மாவின் தம்பி புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் என்று ஒவ்வொரு ஜிஹெச்சாக ஏறி இறங்கினார். படத்தைக் காட்டினார். யாருக்கும் தெரியவில்லை. ஊருக்கு ஒரு ஜிஹெச் இருக்கிற நாட்டில் எந்த வாசலில் போய் நிற்பது? கரிநாளில் எழுதியவர் தயவுசெய்து மறுபடி எழுதவும் என்று தளத்தின் தலையிலேயே பெரிய எழுத்தில் போட்டேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. கடையில் யாராவது ஜிஹெச் என்று சொன்னால் ஜெராக்ஸ் எடுக்கிற கை நின்றுவிடும். தளத்தில் யாராவது எழுதினால் சத்தம் போடும்படி இப்போது போனை வைத்திருக்கிறேன், சத்தம் கேட்டால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். திறந்தால், அக்கா, எங்க தெரு வாய்க்கால் அடைச்சிகினு இருக்குது, போடுங்க. பாவி, உன் வாய்க்காலில் இடி விழ.

மாசி மகம் முடிந்து, வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது, சாலையெல்லாம் தோகைச் சாம்பல். பெரியம்மா கடைக்கு வந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்துத் தன் மகன் பக்கத்தைத் திறந்தார்.

“நீ சரி பண்ணிக் கொடுத்தியே, எல்லாத்தியும் மொதல்லருந்து படிச்சேன்” என்றார். திண்டிவனத்துக்காரர் எழுதியது, கடலூர்க்காரர் எழுதியது, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். “எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கறாங்க.”

அன்றைக்கே எனக்குத் தெரியும். அம்மாவைப் பிய்த்துக் காட்டும்போதே தெரியும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வாய் வரவில்லை.

“ஏம்மா, அக்கான்னா எத்தினி வரும்?”

“நாலு” என்றேன். வெடுக்கென்று சொன்னேன், கோபத்தில் சொல்வது போல. “நாலுதான் வரும் பெரிம்மா, விடுங்க.”

பெரியம்மா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு விரலாக மடக்கினார். அ. க. புள்ளி. க. கடைசியில் துணைக்காலுக்குப் பெருவிரலும் மடங்கியது. கை முழுக்க மூடிக்கொண்டது.

“ஆமாம்மா, நாலுதான் வருது” என்றார்.

மூடிய கையைத் திறக்காமலே எழுந்து பேருந்துக்குப் போனார்.