சாயக்காரர் கையில் போன ரத்தம்

ரத்தம் பிடிக்கும் பச்சை மூடிக் குழாயைக் கையில் எடுத்தாலே இன்றும் என் இன்னொரு கை வெப்பமானியைத் தேடும். பிள்ளையார்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடம் சின்னது. சர்க்கரை, கொழுப்பு என்று பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவள்தான், அந்தச் சாயக்காரர் தன் இளைய மகளைக் கூட்டி வரும்வரை.

அவருடைய மூத்த மகளுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது குறைந்துகொண்டே வந்தது, பிறவிக் கோளாறு. தங்கையின் மஜ்ஜை பொருந்துகிறது, கொடுக்கலாம் என்றார் சென்னை டாக்டர். ஆனால் அதே கோளாறு தங்கைக்கும் ஒளிந்திருக்கலாம். அவளுடைய ரத்த செல்களை ஆய்வகத்தில் உயிரோடு வளர்த்து, மருந்து விட்டு, குரோமோசோம்கள் உடைகின்றனவா என்று பார்த்த பிறகுதான் எதுவும்.

"இவளுக்கு என்னாமா, நல்லாத்தான் ஆடிக்கினு இருக்குது" என்று சாயக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கட்டைவிரல் அக்காவுக்கு இருந்ததுபோலவே, அந்தக் கோளாறின் அடையாளமாக, குட்டையாக இருந்தது. பார்த்தும் பார்க்காததுபோல ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தேன்.

அன்றைக்குக் கருட சேவை, தெருவெல்லாம் கூட்டம். சென்னை ஆய்வகத்துக்குக் குழாயைக் கொண்டுபோகும் கூரியர் வண்டி வரவில்லை. "நானே எடுத்துக்கினு போறேம்மா" என்றார். "ஐஸ்ல வெச்சுடாதீங்கண்ணா, செல்லு செத்துடும். சூடும் ஆகாது. அப்பப்போ தொட்டுப் பாருங்க" என்றேன். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்தேனா? கொதிக்கிற சாயத்திலிருந்து எடுத்த பட்டு நூலை வெறுங்கையால் பிழிகிற மனிதர் அவர்! பஸ்ஸில் இன்ஜின் மூடிமேல்தான் இடம் கிடைத்திருக்கிறது. பையைப் பக்கத்தில் வைத்து, சென்னை வரை குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். "சூடே தெரியலம்மா" என்று பிறகு சத்தியம் செய்தார். ஒரு செல்கூட வளரவில்லை.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் காதில் வாங்காமல் தன் கையையே முறைத்துக்கொண்டிருந்தார். மூத்தவளுக்கோ வாராவாரம் ரத்தம் ஏற்றவேண்டியிருந்தது. இப்போதெல்லாம் யார் எடுத்துப்போனாலும் குழாயோடு ஒரு வெப்பமானியையும் வைத்து அனுப்புகிறேன். என்ன பிரயோஜனம்?

இரண்டாம் முறை ரத்தம் எடுத்து நானே கார் வைத்துக்கொண்டு போனேன். நான்கு நாள் கழித்து, செல்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன என்று ஆய்வகத்தில் சொன்னபோது சந்தோஷப்பட்ட பாவி நான்.

முடிவு வந்த காலையில் வாசலிலேயே நின்றார். காகிதத்தை நீட்டினேன், வாங்கவில்லை. "வாயால சொல்லும்மா" என்றார். சொன்னேன். தங்கைக்கும் அதே கோளாறுதான். அவள் மஜ்ஜையை எடுக்க முடியாது. அவளுக்கே ஒருநாள் வேறு யாராவது கொடுக்கவேண்டி வரும்.

அவர் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல யாரு கேட்டாலும் இதுவும் சூட்டுல கெட்டுப்போச்சுன்னு சொல்லும்மா. இந்தத் தடவையும் நான்தான் எடுத்துக்கினு போனேன்னு சொல்லு."