மலையைச் சுற்றாத அம்மா

கஞ்சி போட்டுக் காயவைத்த பருத்திப் புடவைக்கு ஒரு வாசனை உண்டு. வடித்த சோறும் வெயிலும் கலந்த அந்த வாசனை, மடிப்பைப் பிரிக்கும்போது மொடமொடவென்ற சத்தத்தோடு எழுந்து வரும். இன்றைக்கும் எந்த வீட்டு மாடியிலிருந்து அது வந்தாலும், பங்குனி வெயிலில் கொடிக்கயிற்றின் கீழே ஈர நிழலில் படுத்துக்கொண்டு, அம்மாவின் வெள்ளைப் புடவை காற்றில் உப்பி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமியாகிவிடுகிறேன். அந்தப் புடவை வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும். அவற்றில் முதன்மையான நாள், இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளிக்கிழமை.

அடி அண்ணாமலையில் கிறிஸ்தவ வீடு என்று இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவார். அம்மா பால்வாடி டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்துவிட்டு, சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்து, மத்தியானம் தூங்கவைத்தவள் என்பதால் தெருவில் அவளுக்கு நல்ல மரியாதை இருந்தது. கோடைக்காலத்தில் அவளுடைய நாள் இருட்டோடு தொடங்கும். பாயைச் சுருட்டிவைத்துவிட்டு முழங்காலில் நின்று, அப்பாவின் லாரி டயரிலிருந்து பக்கத்து வீட்டு மாட்டின் பிரசவம் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பாள். தெருக்குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டுவிட்டால் மட்டும் "ஆமென்" கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முழுக்கத் தலையில் பூ கிடையாது, வீட்டில் கறி மீன் கிடையாது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி ஆராதனை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

இவ்வளவு பக்தியுள்ளவளுக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடும் இருந்தது. எங்கள் ஊருக்கும் டவுனுக்கும் நடுவில் மலை உட்கார்ந்திருக்கிறது. மலையின் எந்தப் பக்கமாகப் போனாலும் டவுனுக்குப் போய்விடலாம். ஆனால் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாக வந்தால் மலையைச் சுற்றியதாக ஆகிவிடும் அல்லவா? அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தெற்குப் பக்கத்துச் செங்கம் ரோடு வழியாகப் போனால் - சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம் - திரும்பி வருவதும் செங்கம் ரோடு வழியாகத்தான். மறுபக்கம் போகும் பஸ் காலியாக வந்து எதிரில் நின்றாலும் ஏறமாட்டாள். "போன வழியே வரணும்" என்பாள், வேதவசனம் சொல்வதுபோல. பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. "என்னா டீச்சர், உங்க சாமிக்கு மட்டும் இந்த ரோடு ஒன் வேயா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள், ஆனால் வழியை மாற்றிக்கொள்ள மாட்டாள். ஆக, பிறந்ததிலிருந்து மலையடியிலேயே வளர்ந்தும் நான் அந்த மலையை ஒருமுறைகூட முழுதாகச் சுற்றியதில்லை.

பெரிய வெள்ளி எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், ஏனென்றால் ஈஸ்டர் நாளை நிலாவைப் பார்த்துத்தான் குறிக்கிறார்கள். மற்ற ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு இது தெரியாமலேயே போய்விடும். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தைப் பார்க்கும் எங்களுக்கு அப்படி மறந்துவிட முடியாது. இரண்டும் ஒரே நாளில் விழுந்த ஒரு வருடம் வந்தது. அன்று காலையிலேயே கிரிவலப் பாதை நிரம்பிவிட்டது, பஸ்ஸையும் ஆட்டோவையும் நிறுத்திவிட்டார்கள், கோயிலுக்கு நடந்துதான் போகவேண்டும். கூட்டத்தோடு போனால் வடக்குப் பக்கமாகச் சுலபமாகப் போய்ச் சேரலாம். ஆனால் பௌர்ணமியன்று, வெறும் வயிற்றோடு, கூட்டத்தோடு வலமாக நடந்தால் அது கிரிவலம் இல்லாமல் வேறென்ன? அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலச் செங்கம் ரோட்டுப் பக்கமாக, வந்த அத்தனை பேருக்கும் எதிராக, நடக்கத் தொடங்கினாள்.

டவுனை ஒட்டி இருக்கும் ஆசிரமப் பக்கம் நெருங்கும்போது அவளுடைய செருப்பின் வார் அறுந்தது. குனிந்து அதைக் கழற்றுவதற்காக என் கையை விட்ட அந்தக் கணத்தில்தான் உடுக்கையும் கொம்பும் முழங்க ஒரு பெரிய கூட்டம் வந்தது. யாரும் என்னைத் தள்ளவில்லை. ஏரியில் நிற்கும்போது காலடி மண் தானாக நகருமே, அதுபோல நான் நகர்ந்தேன். சத்தம் ஓய்ந்தபோது முன்னால் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அம்மா என்று நினைத்து அதன் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு தூரம் அப்படி நடந்தேன் என்று தெரியாது. வெயில் புளியமரங்களுக்கிடையே திட்டுத்திட்டாக விழுந்துகொண்டிருந்தது. கால்கள், கால்கள், கால்கள்: மெட்டி போட்டவை, வெடித்தவை, மஞ்சள் பூசியவை. சூடத்தின் புகையும் எலுமிச்சம்பழத் தோலின் வாசனையும் கலந்து வந்தன. யாரோ கையில் மோர் டம்ளரைத் திணித்தார்கள், குடித்தேன். எங்கோ பின்னால் "அரோகரா" என்று ஒரு குரல் எழும், அது என்னைக் கடந்து முன்னால் போய் வளைவில் மறையும். பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. புடவை நுனியை முகத்தில் வைத்துக்கொண்டபோதுதான் வாசனை வேறாக இருப்பது தெரிந்தது. அதில் ஊதுவத்தி மணந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவளும் திரும்பிப் பார்த்தாள். பூனைக்கண்ணும் வெயிலில் சிவந்த மூக்குமாக, ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா.

நான் அழுதிருக்கவேண்டும், ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. என் கணக்கு எளிமையாக இருந்தது: அம்மா கோயிலுக்குப் போகிறாள், இந்தக் கூட்டமும் கடைசியில் டவுனுக்குத்தான் போகிறது, ஆகவே இப்படியே போனால் அம்மா இருப்பாள். பள்ளிக்கூட இங்கிலீஷில் "சர்ச், மம்மி, சர்ச்" என்று சொல்லி முன்பக்கம் கையைக் காட்டினேன். அவள் நாலு பக்கமும் பார்த்தாள், யார் யாரிடமோ கேட்டாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரையே கடந்து போனோம். கூட்டத்துக்கு உள்ளிருந்து பார்த்தபோது அது வேறு யாருடைய ஊரோபோல இருந்தது. நான் தினமும் மிட்டாய் வாங்கும் கடையின் முன்னால் முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு உள்ளே தள்ளி இருந்தது, வீடு பூட்டியிருக்கும், அதனால் நிற்கவில்லை. மலை மட்டும் கூடவே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அதற்கு ஒரு புது முகம் இருந்தது, வடக்குப் பக்கத்தில் அது இப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வாழ்க்கையில் அன்றுபோல மகிழ்ச்சியாக நான் நடந்ததேயில்லை என்று இன்றும் சொல்வேன்.

கோயிலுக்குள் நுழைந்தபோது நடு ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் இரண்டோ மூன்றோ முடிந்திருந்தன. வெள்ளைக்காரம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். ஆயரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, ஓடிவந்து என்னை வாங்கிக்கொண்டாள். நான் பெண்கள் பக்கத்தைப் பார்த்தேன். மின்விசிறியின் கீழ் வரிசை வரிசையாக வெள்ளைப் புடவைகள். வழக்கமாக அம்மா உட்காரும் இடத்தில் பாட்டுப் புத்தகம்கூட இல்லை.

"அம்மா எங்கடி?" என்று ஐயரம்மா காதோரம் கேட்டாள்.

அந்தக் கேள்வியில்தான் நான் தொலைந்துபோனேன். அதுவரை நான் அம்மாவைத் தேடிப் போகிறவளாக இருந்தேன். இப்போது அம்மா எங்குமே இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருவர் எழுந்து பிரசங்கம் செய்தார், ஒவ்வொன்றுக்கும் நடுவே எல்லாரும் முழங்காலில் நின்றார்கள், நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் விழுந்துவிட்டாளோ, கூட்டம் மிதித்துவிட்டதோ, என்னை விட்டுவிட்டு எங்காவது போய்விட்டாளோ என்று எல்லாம் தோன்றியது. ஆண்டவரே, அம்மாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் இனிமேல் நான் மலைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்று பேரம் பேசினேன்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. எல்லாரும் தலை குனிந்திருந்தபோது கதவருகே நிழல் விழுந்தது. வெறுங்காலோடு அம்மா நின்றாள். கஞ்சி கரைந்து புடவை கொடிபோல உடம்பைச் சுற்றியிருந்தது, கொண்டை அவிழ்ந்து கிடந்தது, உதடு வெடித்திருந்தது. அவள் சிலுவையைப் பார்க்கவில்லை, ஆயரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஊருக்கெல்லாம் நான் எஸ்தர், அப்பாவுக்கு எஸ்தரம்மா, அவளுக்கு மட்டும் புஜ்ஜி. அவ்வளவு அமைதியான கோயிலில், அவ்வளவு பெரிய நாளில், "புஜ்ஜீ" என்று அவள் கத்தினாள். பிறகு என்னை முதுகில் இரண்டு அடி அடித்துவிட்டு, அதே கையால் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஐயரம்மா ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து அம்மாவுக்குப் புகட்டினாள், அம்மா பாதி குடித்துவிட்டு மீதியை என் வாயில் வைத்தாள்.

அவள் வந்த கதை பிறகுதான் தெரிந்தது. மோர் கொடுத்தவர்கள், "வெள்ளைப் பாவாடை போட்ட பொண்ணா? ஒரு வெள்ளைக்காரம்மாகூடப் போச்சே" என்று சொன்னதும் அவளுக்கு உயிரே போய்விட்டது. பிள்ளைபிடிக்கிறவள் என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்கு ஓடிப் பூட்டைப் பார்த்து, பாக்கியம் அக்காவைத் தெருவில் தேடச் சொல்லி, போலீஸ் பந்தலில் மைக்கில் என் பெயரைச் சொல்லவைத்து, சிவன் பாட்டுக்கு நடுவில் "எஸ்தர் என்ற சிறுமி" என்று குழாய் ஒலிபெருக்கிகள் எல்லாம் அலற, அவள் ஒவ்வொரு பந்தலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் அதற்குள் டவுனை எட்டிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் புறப்பட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. போன வழியே வரவேண்டும் என்றால், நாங்கள் வந்த வழி வடக்குப் பக்கம். அந்தப் பக்கமாக எதிர்த்து நடக்க அந்தக் கூட்டத்தில் எறும்புக்குக்கூட இடமில்லை. செங்கம் ரோடு வழியாகப் போனால் வட்டம் முழுமையாகிவிடும், அதுவும் பௌர்ணமியன்று, வெறுங்காலோடு. ஐயரம்மா, "ராத்திரி இங்கயே தங்கிட்டு காலையில போங்களேன்" என்றாள். அம்மா கொஞ்சநேரம் மலையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு என் விரல்களை விட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செங்கம் ரோட்டில் இறங்கிவிட்டாள்.

நிலா வந்திருந்தது. இந்தமுறை எங்களுக்கு எதிரே யாருமில்லை, எல்லாரும் எங்களோடு நடந்தார்கள். கொஞ்சதூரம் போனதும் நான் கேட்டேன், "ம்மா, அப்ப நாம முழுசா சுத்திட்டோமா?"

"மலையும் அவர் செஞ்சதுதானே. பேசாம நட" என்றாள்.

மறுநாள் பாக்கியம் அக்கா சும்மா விடுவாளா? "டீச்சர், புண்ணியம் ஜாஸ்தி சேந்திருச்சு போல" என்று தொடங்கினாள். "நான் எங்க சுத்தினேன், என் புள்ளையத் தேடினேன்" என்று அம்மா சொன்னாள், சொல்லும்போதே அழுதுவிட்டாள். பாக்கியம் அக்காவும் அழுதாள். அந்த வேடிக்கை அத்தோடு நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அம்மா மறுபடியும் போன வழியே வரத் தொடங்கிவிட்டாள்.

அவளுடைய கடைசிக் கோடையில், நுங்கை விரலால் நோண்டித் தின்றுகொண்டிருந்தபோது, இத்தனை வருடம் மனதில் கிடந்ததைக் கேட்டேன்: அன்றைக்கு அவ்வளவு தூரமும் என்ன ஜெபம் செய்தாய்?

"ஜெபமா, போடி" என்றாள். "வாயில ஒண்ணும் வரல. பால்வாடி புள்ளைங்களுக்கு நான் சொல்லிக்குடுக்குற ஜெபம்கூட வரல. சுத்தி இருக்குறவங்க எல்லாம் அவங்க சாமி பேரச் சொல்லிக்கினு போறாங்க, நான் உன் பேரச் சொல்லிக்கினு போனேன். புஜ்ஜி, புஜ்ஜின்னு. பெரிய வெள்ளியும் அதுவுமா அவர நெனைக்கவே இல்ல. இப்போ நெனச்சாலும் கூச்சமா இருக்கு." நுங்குத் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. "அதையும் ஜெபம்னு எடுத்துக்குவாரு. எடுத்துக்கலன்னா போவட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று அவள் பெயரைச் சபையில் வாசித்து ஓராண்டு ஆகப்போகிறது. இந்தப் பெரிய வெள்ளிக்கு நான் சென்னையிலிருந்து வந்து, மும்மணி நேர ஆராதனையில் இருந்துவிட்டு, சாயங்காலம் செங்கம் ரோட்டுக்கு நடந்து போனேன். பாதையோரம் கல் பாவியிருக்கிறார்கள், கம்பத்துக்குக் கம்பம் விளக்கு போட்டிருக்கிறார்கள். புளியமரங்களில் பாதி இல்லை. பௌர்ணமிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தும் கூட்டம் வந்துவிட்டது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இனி இங்கே யாரும் அவ்வளவு எளிதில் தொலைந்துபோக முடியாது. நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், பதறிப்போய், "புஜ்ஜீ" என்று கூப்பிட்டது.

"ம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். என்னைத் தாண்டிக்கொண்டு ஒரு சின்னப்பெண் ஓடினாள்.